சோஃபி நாளுக்கு முந்தைய வாரம்

மே இரண்டாம் தேதி சனிக்கிழமை காலை, ஆல்வின் ட்ரோம்மர் தன் தக்காளிக் கன்றுகளைத் தரையில் நடுவதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். என் கண்ணை நம்ப முடியவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். அவனேதான். முழங்காலுக்கு அடியில் ரப்பர் விரிப்பைப் போட்டுக்கொண்டு, ஒரு கன்றுக்கும் அடுத்த கன்றுக்கும் நடுவே மரச்சட்டத்தை வைத்து அளந்து, நட்டுக்கொண்டே போனான். மொத்தம் நாற்பத்திரண்டு கன்றுகள். பிப்ரவரிக் கடைசியில் விதை போட்டு, வீட்டில் இருக்கிற அத்தனை ஜன்னல் திண்டுகளிலும் வைத்து, பகலில் வெயில் காட்டி இரவில் உள்ளே எடுத்து வளர்த்தவை.

ஆளுக்கொரு துண்டு நிலத்தைச் சங்கத்திடம் வாடகைக்கு வாங்கிப் பயிர் செய்கிற எங்கள் தோட்டக் காலனியில் மே பதினைந்துக்கு முன்னால் யாரும் தக்காளியைத் தரையில் வைப்பதில்லை. அன்றைக்கு சோஃபி என்கிற புனிதவதியின் நாள். குளிர் சோஃபி என்பார்கள். அவளும் அவளுக்கு முன்னால் வரிசையாக வருகிற புனிதர்களும் வசந்தத்தின் கடைசிப் பனியைக் கையோடு கொண்டுபோய்விடுவதாக நம்பிக்கை. கோயில் பக்கமே போகாதவர்கள்கூட அந்தத் தேதியை மீறுவதில்லை. அதிலும் எங்கள் இரண்டு தோட்டங்களும் காலனியின் அடிக்கோடியில், ரயில் பாதை மேட்டை ஒட்டிய பள்ளத்தில் இருக்கின்றன. மலைச்சரிவில் இறங்குகிற குளிர்காற்று மேட்டில் முட்டி, போக வழியில்லாமல் எங்கள் தலையில்தான் வந்து உட்காரும். மேலே இருப்பவர்கள் சாதாரணக் குளிர் என்று சொல்லும் இரவில் எங்கள் தொட்டித் தண்ணீர் உறைந்து கிடக்கும்.

இதையெல்லாம் ஆல்வின் அளவுக்குத் தெரிந்தவன் காலனியில் வேறு யாருமில்லை. முப்பத்தெட்டு வருஷம் ரயில்வே சிக்னல் அறையில் வேலை பார்த்தவன். ஒரு நிமிஷம் முன்னால் என்றாலும் தப்பு, ஒரு நிமிஷம் பின்னால் என்றாலும் தப்பு என்று வாழ்ந்தவன். நான் பஸ் ஓட்டியவன். எங்கள் மலைச் சாலையில் பனிக்காலத்தில் பஸ் எப்போது வரும் என்று பஸ்ஸுக்கே தெரியாது. "வாழ்க்கை பூரா லேட்டா வந்த மனுஷன், செடி நடுறதுல மட்டும் முந்திக்கிட்டு வந்து நிப்பான்" என்று அவன் என்னைப் பற்றிச் சொல்லி, காலனி முழுக்கச் சிரித்திருக்கிறது.

அப்படி அவன் சொன்னதற்குக் காரணம் இருந்தது. பதினோரு வருஷத்துக்கு முன்னால், ஓய்வு பெற்ற முதல் வசந்தத்தில், ஏப்ரல் கடைசியிலேயே வெயில் நன்றாக அடிக்கிறதே என்று வெள்ளரிக் கன்றுகளை நட்டுவிட்டேன். ஒரே இரவுப் பனியில் எல்லாம் கருகிப்போனது. மறுநாள் காலையில் வந்தால், என் வேலியில் கறுப்புக் கரை போட்ட மரண அறிவிப்பு தொங்கிக்கொண்டிருந்தது. பதினாறு வெள்ளரிகள் அகால மரணம், துயரத்தில் வாடும் பஸ் டிரைவர், மலர்வளையம் வேண்டாம், உரம் அனுப்பினால் போதும் என்று அச்சடித்தாற்போன்ற எழுத்தில் எழுதியிருந்தான். அந்த வருஷக் கோடை விழாவில் அதை மேடையில் வாசித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போய் என் மனைவி மார்லீஸிடம் மூன்று நாள் பேசவில்லை. அவள் சிரித்ததுதான் எனக்கு அதிகம் சுட்டது.

அடுத்த வசந்தத்தில் ஆல்வின் ஒரு காகித உறையில் தன் தக்காளி விதைகளைப் போட்டுக் கொண்டுவந்து தந்தான். அவன் அம்மா காலத்திலிருந்து வருஷா வருஷம் பழத்திலிருந்து எடுத்துக் காயவைத்து அவன் குடும்பத்திலேயே ஓடிக்கொண்டிருந்த ரகம். உருளைக்கிழங்கு இலை மாதிரி அகன்ற, ஓரம் வெட்டுப்படாத இலை. பழம் கோணல்மாணலாக, அடர்ந்த சிவப்பில் வரும். சமாதானத்துக்காகத்தான் தந்தான் என்று எனக்குத் தெரியும். வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அவன் போன பிறகு உறையோடு உரக்குழியில் போட்டேன்.

இப்போது அதே ஆல்வின், சோஃபி நாளுக்குப் பதிமூன்று நாள் முன்னால், பள்ளத்துத் தோட்டத்தில் தக்காளி நடுகிறான்.

நான் வேலியருகே போய், எல்லாம் வெளியே வந்தாச்சு போல என்றேன்.

"நேரம் ஆச்சே," என்றான் தலைதூக்காமல். "சோஃபி போயே ஒரு வாரம் ஆச்சு."

என்னைக் கிண்டல் செய்கிறான் என்று நினைத்தேன். பதினோரு வருஷமாக அவன் வாயிலிருந்து கேட்டதெல்லாம் கிண்டல்தானே. அவன் மனைவி ரோஸ்வித்தா காரின் பின்பக்கத்திலிருந்து கடைசித் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எனக்கு வணக்கம் சொன்னாள். தட்டை அவனுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அவன் தோளில் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். அந்த வருஷம் அவன் தோட்டத்துக்குத் தனியாக வருவதே இல்லை என்பதை நான் கவனித்திருந்தேன். கிழவனுக்கு இந்த வயசில் பெண்டாட்டி மேல் புது ஆசை என்று மார்லீஸிடம் சொல்லிச் சிரித்திருந்தேன். மார்ச்சில் வேலிச்செடியைப் பாதி வெட்டிவிட்டு மீதியை அப்படியே விட்டிருந்தான். அளவு நாடா வைத்து வெட்டுகிறவன். அதையும் பார்த்தேன். சோம்பேறியாகிவிட்டான் என்று சந்தோஷப்பட்டேன்.

வீட்டுக்குப் போனதும் மார்லீஸிடம் சொன்னேன். அவள் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நீ சொல்லலையா அவர்கிட்ட?"

"அவனுக்கா? நானா? சிக்னல் மேனுக்கு பஸ் டிரைவர் நேரம் சொல்றதா?"

"சொன்னா என்ன, நாக்கு தேஞ்சிடுமா?" என்றாள் அவள்.

அந்த வாரம் முழுக்க வெயில் பிரமாதமாக இருந்தது. அவன் கன்றுகள் வேர் பிடித்து நிமிர்ந்துவிட்டன. ஒருவேளை தப்பித்துவிடுமோ என்று எனக்குக் கவலையாகவே இருந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

ஒன்பதாம் தேதி சனிக்கிழமை மதியம் வானொலியில் சொன்னார்கள். வடக்கிலிருந்து குளிர்காற்று, இரவில் வானம் தெளிவாக இருக்கும், பள்ளமான இடங்களில் பூஜ்யத்துக்குக் கீழே மூன்று நான்கு டிகிரி. சாயங்காலம் ஆறு மணிக்குக் காலனியே பரபரத்தது. பழைய போர்வை, வாளி, அட்டைப்பெட்டி என்று கையில் கிடைத்ததையெல்லாம் கொண்டுவந்து கீரைக்கும் ஸ்ட்ராபெரிப் பூவுக்கும் மூடிக்கொண்டிருந்தார்கள். நானும் என்னுடையவற்றை மூடினேன். இதற்கென்றே கடையில் விற்கிற மெல்லிய வெள்ளைத் துணியில் ஒரு சுருள் வாங்கி வைத்திருந்தேன். மூடியது போக, சுருளில் பாதிக்கு மேல் மீதி இருந்தது.

ஆல்வின் தோட்டத்தில் யாரும் இல்லை. பேத்திக்குத் தேவாலயத்தில் ஏதோ விழா, ஞாயிற்றுக்கிழமை, மகள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். ரோஸ்வித்தாவே மார்லீஸிடம் சொல்லியிருந்தாள். அந்த வீட்டுத் தொலைபேசி எண் எங்களிடம் இருந்தது. அதுவும் தேவையில்லை. வேலிக்கதவு பூட்டுவதில்லை, கையில் துணி இருந்தது. இருபது நிமிஷ வேலை. சுருளைக் கையில் வைத்துக்கொண்டு வேலியருகே நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று நினைவில்லை. பிறகு அதை என் கொட்டகையில் வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். ட்ரோம்மருக்கு ஃபோன் பண்ணினாயா என்று மார்லீஸ் கேட்டாள். பண்ணினேன், யாரும் எடுக்கவில்லை என்று பொய் சொன்னேன்.

பொய்யோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சாப்பிட்டுவிட்டு மேஜையில் உட்கார்ந்து, ஒரு வெள்ளை அட்டையை எடுத்து, ஓரத்தில் கறுப்பு மையால் கரை போட்டேன். பதினோரு வருஷமாக மனசுக்குள் எழுதி வைத்திருந்ததுபோல வார்த்தைகள் வந்து விழுந்தன. "ஆழ்ந்த துயரத்துடன் அறிவிக்கிறோம். நாற்பத்திரண்டு பேர், வாழ வேண்டிய வயதில், ஒரே இரவில் நம்மை விட்டுப் பிரிந்தார்கள். நேரம் தவறாதவர் என்று பெயர் எடுத்தவரின் ஒரு நிமிட அவசரம் இதற்குக் காரணம்."

ஞாயிறு காலை போய்ப் பார்த்தேன். புல்லெல்லாம் வெள்ளை. தொட்டியில் கண்ணாடித் தகடு மாதிரிப் பனி. ஆல்வினின் கன்றுகள் அந்த நேரத்தில் நிற்கத்தான் செய்தன. ஆனால் இலைகள் ஈரத்தில் ஊறிய காகிதம்போல, அடுத்த பக்கம் தெரிகிற மாதிரி, கரும்பச்சையாக இருந்தன. வெயில் மேட்டைத் தாண்டி வந்து அவற்றின்மேல் விழுந்ததும் ஒவ்வொன்றாகத் தொங்கின. பத்து மணிக்குள் வேகவைத்த கீரை மாதிரிக் கறுத்துச் சுருண்டு தரையில் படிந்துவிட்டன. நினைத்த அளவுக்குச் சந்தோஷம் வரவில்லை. இருந்தாலும் திங்கட்கிழமை காலை அட்டையைக் கொண்டுபோய் அவன் வேலிக்கதவில் மாட்டினேன்.

பத்தரை மணிக்கு அவர்கள் கார் வந்தது. ஆல்வின் முதலில் இறங்கி வந்தான். நான் என் தோட்டத்தில் களை பிடுங்குவதுபோல் குனிந்துகொண்டேன். கதவருகே நின்று அட்டையை வாசித்தான். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டான். நடிப்பு என்றுதான் அப்போதும் நினைத்தேன். பிறகு என் பக்கம் திரும்பினான். முகத்தில் ரத்தமே இல்லை.

"கெர்னோட், நாப்பத்திரண்டு பேரா? எந்த லைன்ல?"

எனக்குப் புரியவில்லை.

"எந்த லைன்ல நடந்துச்சு? யாரு டியூட்டில இருந்தது?" அவன் கை வேலியைப் பிடித்திருந்தது. "என் டியூட்டி இல்லையே? நான் சிக்னல் போட்டுட்டுத்தான வந்தேன். போட்டேனா?"

எழுந்து அவனிடம் போனேன். என்ன சொன்னேன் என்று சரியாக நினைவில்லை. ரயில் எதுவும் மோதவில்லை, யாரும் சாகவில்லை, இது தக்காளி, சும்மா விளையாட்டுக்கு எழுதியது என்றெல்லாம் உளறியிருப்பேன். தக்காளி என்ற வார்த்தையில் அவன் திரும்பித் தன் பாத்திகளைப் பார்த்தான். கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனான். வரிசையின் முதல் கன்றுக்கு முன்னால் நின்றான்.

"சோஃபி இன்னும் வரவே இல்லையே. சோஃபிக்கு முன்னாடி எவன் இதை நட்டது?" என்றான். கோபமாகத்தான் கேட்டான். குனிந்து, கன்றின் அடியில் குத்தியிருந்த மரச்சீட்டைப் பிடுங்கிப் பார்த்தான். அதில் ரகத்தின் பெயரும், நட்ட தேதியும், நிமிர்ந்த சிக்னல்காரக் கையெழுத்தில் இருந்தன. யாருடைய எழுத்து என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. சீட்டைச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானை மாட்டினான்.

ரோஸ்வித்தா காபிக் குடுவையோடு வந்தாள். அட்டையை வாசித்தாள். அதைக் கதவிலிருந்து கழற்றி, இரண்டாக மடித்து, மறுபடி இரண்டாக மடித்து, என் கையில் கொடுத்தாள். உங்களுடையது என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். எங்கள் வாசல்படி ஏறி அவள் வந்தது அதுதான் முதல் தடவை. மார்லீஸ் உட்காரச் சொன்னாள், அவள் உட்காரவில்லை. போன அக்டோபரிலேயே மருத்துவர் சொல்லிவிட்டாராம். மூளை சுருங்குகிற நோய், மெதுவாகப் போகலாம், வேகமாகவும் போகலாம். ஆல்வின் யாரிடமும் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டானாம். குறிப்பாகக் காலனியில்.

"தேதி விஷயத்துல மட்டும் அவரை நான் கேள்வியே கேட்டதில்ல," என்றாள். "நாப்பத்தேழு வருஷமா எங்க வீட்டுக்கு அவர்தான் கேலண்டர். என் பேரை மறந்தாலும் சோஃபியை மறக்க மாட்டார்னு நெனச்சேன். சோஃபி போயாச்சுன்னார். நானே தட்டைத் தூக்கி வண்டில வெச்சேன். எனக்கும் தேதி தெரியும், கெர்னோட். காலைல பேப்பர்ல பார்த்தேன், மே ரெண்டுன்னு. பார்த்துட்டுத்தான் தூக்கி வெச்சேன். தப்புன்னு சொல்லியிருந்தா அவர் முகம் எப்படி ஆகும்னு எனக்குத் தெரியும். அதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்ல. வெயில் அடிக்குதே, தப்பிச்சிடும்னு நெனச்சேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை மகள் வீட்டில் கார்க் கண்ணாடி மேல் வெள்ளையாகப் படிந்திருந்ததைப் பார்த்ததும் எல்லாம் தெரிந்துவிட்டதாம். விழா முடியும்வரை சிரித்துக்கொண்டே இருந்தாளாம்.

பிறகு என்னைப் பார்த்து, "சனிக்கிழமை உங்களுக்குத் தெரியும்தான?" என்று கேட்டாள்.

மார்லீஸ் என் முகத்தைப் பார்த்தாள்.

"தெரியும்," என்றேன்.

"ஃபோன் பண்ணீங்களா?"

"இல்ல."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கைப்பையை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். மார்லீஸ் அன்று இரவு என் சாப்பாட்டை மேஜையில் வைத்துவிட்டு, தான் சமையலறையில் நின்றபடியே சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது. ஆல்வின் தினமும் காலையில் தோட்டத்துக்கு வந்தான். தினமும் கதவைத் திறந்து, பாத்தியைப் பார்த்து, அப்படியே நின்றான். ஒவ்வொரு நாளும் அவனுக்கு அது அன்றைக்குத்தான் நடந்தது. செவ்வாய்க்கிழமை ஒரு தடவை இடிந்துபோனவன், புதன்கிழமை புதிதாக இடிந்துபோனான். வியாழக்கிழமையும் அப்படித்தான். நாமெல்லாம் ஒரு இழப்பை ஒரு தடவை பட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொள்கிறோம். அவனுக்குப் பழகிக்கொள்ள வழியே இல்லை. செத்த செடிகளைப் பிடுங்கிவிடலாம் என்று ரோஸ்வித்தா சொன்னாள். அவன் விடவில்லை. தக்காளி சில சமயம் அடித்தண்டிலிருந்து துளிர்க்கும், அது உண்மைதான். மண்டியிட்டு ஒவ்வொரு தண்டையும் நகத்தால் லேசாகக் கீறிப் பச்சை இருக்கிறதா என்று பார்த்தான். இல்லை. நாற்பத்திரண்டிலும் இல்லை. மறுநாள் வந்து மறுபடி கீறினான்.

வேறு விதை இருக்குமா என்று ரோஸ்வித்தாவிடம் கேட்டேன். எப்போதும் அடுத்த வருஷத்துக்கென்று பாதியைத் தகர டப்பாவில் வைப்பானாம். அவள் போய்ப் பார்த்திருக்கிறாள். டப்பா காலி. இந்த வருஷம் எல்லாவற்றையும் விதைத்துவிட்டிருக்கிறான். "அவர் யார் யாருக்கோ குடுத்திருக்கார், உங்களுக்கும் ஒரு தடவை குடுத்தார்ல?" என்றாள். அவள் கண்ணில் ஒரு சின்ன வெளிச்சம் தெரிந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். காலனி முழுக்க வீடு வீடாகக் கேட்டேன். வாங்கியவர்கள் இருந்தார்கள். ஒரு வருஷம் போட்டோம், பழம் கோணலாக வந்தது, கடையில் நல்ல கன்று கிடைக்கிறதே என்று விட்டுவிட்டோம் என்றார்கள். யாரிடமும் ஒரு விதைகூட இல்லை.

ஆனாலும் மனிதர்கள் நல்லவர்கள். சோஃபி நாள் முடிந்த மறுநாள், பதினாறாம் தேதி, மேல் தோட்டங்களிலிருந்து ஆளுக்கு இரண்டு, மூன்று என்று கன்றுகள் வந்தன. சோஃபி நாளுக்காக வீட்டுத் தொட்டிகளில் வைத்திருந்த என் தக்காளிக் கன்றுகள் பதினெட்டையும் கொடுத்தேன். ஆல்வின் மகளோடு நகரத்துக்குப் போயிருந்த நேரத்தில், நானும் ரோஸ்வித்தாவும் செத்தவற்றை அகற்றி, அதே குழிகளில், அதே மரச்சட்டத்தால் அளந்து, நாற்பத்திரண்டையும் நட்டோம். தண்ணீர் ஊற்றினோம். குச்சி ஊன்றிக் கட்டினோம். நடுவில் ரோஸ்வித்தா ஒரு வார்த்தை என்னிடம் பேசினாள், கயிற்றை இந்தப் பக்கம் தாருங்கள் என்று. எனக்கு அதுவே பெரிதாக இருந்தது. முடித்துவிட்டு நின்று பார்த்தபோது பாத்தி அழகாகத்தான் இருந்தது. நாளைக் காலை அவன் வந்து பார்த்தால் எதுவும் நடக்காததுபோல் இருக்கும் என்று நம்பினோம். மறதி இந்த ஒரு விஷயத்தில் அவனுக்கு உதவட்டுமே என்று அவள் சொன்னாள்.

ஞாயிறு காலை வந்தான். கதவைத் திறந்தான். நின்றான். நான் என் கொட்டகை வாசலில் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். முதல் கன்றருகே போய் ஒரு இலையைக் கையில் ஏந்தி, திருப்பி, அடிப்பக்கம் பார்த்தான். முகர்ந்தான். அடுத்ததற்குப் போனான். பிறகு மூன்றாவது.

"இது என்னுது இல்ல," என்றான்.

ரோஸ்வித்தா அவன் கையைப் பிடித்தாள். "உன்னுதுதான் ஆல்வின். நீதான் நட்ட."

"இலையைப் பாரு ரோஸ்வித்தா. வெட்டு வெட்டா இருக்கு. என்னுது இப்படியா இருக்கும்?" பொறுமையாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னான். "யாரோ அவங்க கன்னைத் தெரியாம நம்ம தோட்டத்துல வெச்சுட்டாங்க. பாவம், தேடிட்டு இருப்பாங்க."

மண்டியிட்டுப் பிடுங்க ஆரம்பித்தான். முரட்டுத்தனமாக இல்லை. வேர் அறுபடாமல், விரலால் மண்ணைத் தளர்த்தி, ஒவ்வொன்றையும் எடுத்து, பாதையோரத்தில் ஈரத் துணி விரித்து அதன்மேல் வரிசையாக வைத்தான். அவளோ நானோ தடுக்கவில்லை. மதியத்துக்குள் நாற்பத்திரண்டையும் எடுத்துவிட்டான். பாத்தியை இரும்புப் பற்கள் உள்ள வாரியால் சமப்படுத்தினான். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, எங்கே என் கன்றுகள் என்று அவளிடம் கேட்டான். அவள் பதில் சொன்னாள். அவன் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். அன்றைக்கும் அது அவனுக்கு முதல் தடவை.

அதற்குப் பிறகு அவள் அவனைத் தோட்டத்துக்கு அழைத்து வரவில்லை. அவன் பிடுங்கி வைத்த கன்றுகளை உரியவர்களிடம் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். என்னுடைய பதினெட்டையும் என் தோட்டத்தில் நட்டேன். எல்லாம் பிழைத்தன, நன்றாகவும் காய்த்தன. மார்லீஸ் அந்தப் பழங்களில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. ஜூலையில் அவற்றைக் கூடையில் போட்டு வாசலில் வைத்தேன், போகிறவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நான் எப்போதாவது அன்றைய சனிக்கிழமையைப் பற்றிப் பேச வாயெடுத்தால், "எங்கிட்ட எதுக்குச் சொல்ற?" என்று அவள் எழுந்து போய்விடுவாள்.

ஆல்வினின் தோட்டத்தில் முழங்கால் உயரத்துக்குக் களை வளர்ந்தது. தோட்டத்தைப் பராமரிக்க வேண்டும் என்று சங்கத்திலிருந்து கடிதம் வராமல் இருக்க, என்னுடையதை வெட்டும்போது அதையும் வெட்டினேன். பாதியில் விட்ட வேலிச்செடியையும் வெட்டிச் சமன் செய்தேன். யாரும் கேட்கவில்லை, யாரும் நன்றி சொல்லவும் இல்லை. ஆகஸ்டில் ரோஸ்வித்தா, தோட்டம் இனி வேண்டாம் என்று சங்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். நகரத்திலிருந்து ஒரு இளம் தம்பதி அதை எடுத்துக்கொள்ள வந்து பார்த்தார்கள். தக்காளிப் பாத்தி இருந்த இடத்தில் குழந்தைகள் குதித்து விளையாட வலை போடலாம், நல்ல சமதரை என்று அவர்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது.

செப்டம்பர் கடைசியில் கொட்டகையைக் காலி செய்ய ரோஸ்வித்தா வந்தாள். ஆல்வினை வீட்டில் தனியே விட முடியாததால் காரில் உட்கார வைத்திருந்தாள். ஜன்னல் கொஞ்சம் இறங்கியிருந்தது. நான் அவளுக்கு உதவியாக மண்வெட்டி, கத்தரி, சிறு ஏணி எல்லாவற்றையும் கொண்டுபோய் வண்டியில் அடுக்கினேன். அவள் உள்ளே எதையோ தேடிக்கொண்டிருந்த நேரத்தில், கார் ஜன்னலருகே போய் நின்றேன். மெலிந்திருந்தான். சுத்தமாகச் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை அணிந்திருந்தான். என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தான்.

"ஆல்வின், நான் அன்னைக்கு வேணும்னேதான் விட்டேன். கைல துணி இருந்துச்சு. நான் மூடல. என்னை மன்னிச்சிடு," என்றேன்.

அவன் கவனமாகக் கேட்டான். ஒரு வார்த்தையும் விடாமல் கேட்டான் என்றே தோன்றியது.

"பரவாயில்லங்க," என்றான். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல. கவலைப்படாதீங்க."

ஜன்னல் விளிம்பில் இருந்த அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். அவனும் பிடிக்கவிட்டான். ரோஸ்வித்தா பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை.

"எல்லாருக்கும் அதைத்தான் சொல்றார்," என்றாள். "நேத்து தபால்காரருக்குச் சொன்னார். முந்தாநாள் டிவில செய்தி வாசிச்சவனுக்குச் சொன்னார்." குத்திக்காட்டவில்லை. விஷயத்தைச் சொன்னாள், அவ்வளவுதான்.

நவம்பரில் அவனை ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்துவிட்டார்கள். போய்ப் பார்க்கலாமா என்று மார்லீஸ் மூலம் கேட்டனுப்பினேன். வேண்டாம் என்று ரோஸ்வித்தாவிடமிருந்து பதில் வந்தது. கோபத்தில் சொல்லவில்லையாம். புது முகம் பார்த்தால் அவன் பயந்துவிடுகிறானாம்.